கல்லில் படிந்த நிழல்

துயரம் நிகழ்ந்த இடத்தை அழித்துவிட்டால் துயரமும் மறையும் என எண்ணுவது மனித இயல்பு. ஜப்பானின் ஹிரோஷிமா நகர மக்களுள் பலரும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர்.

1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணிக்கு அந்நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். குண்டு வெடித்த இடத்தின் அருகே இருந்த தொழில் வளர்ச்சிக் கூடத்தில் குவிமாடத்தின் இரும்புச் சட்டமும் சில சுவர்களுமே எஞ்சின. உள்ளே இருந்தோருள் ஒருவரும் பிழைக்கவில்லை. போருக்குப்பின் அச்சிதைவை இடித்துவிட வேண்டும் என்றனர் சிலர். காக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். குழந்தைப் பருவத்தில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960இல் பதினாறு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பு, காக்கக் கோரியோரின் குரலுக்கு வலுச்சேர்த்தது. 1966இல் நகரமன்றம் அதனை நிலையாகப் பாதுகாக்கத் தீர்மானித்தது. 1996இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று.

இடிக்கச் சொன்னோரின் வேதனை பொய்யன்று. நாள்தோறும் அதனைக் கடந்து சென்றவர்கள் அவர்கள். எனினும், கண்டவர் அனைவரும் மறைந்தபின் சாட்சி சொல்லக் கல்லும் இரும்புமே மிஞ்சும். அவற்றையும் அகற்றிவிட்டால், நடந்ததை மறுப்போருக்கு வழி எளிதாகும்.

1955இல் அங்குத் திறக்கப்பட்ட அமைதி நினைவு அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் நகவோகா ஷோகோ, ஒரு நிலவியல் அறிஞர். வெப்பத்தால் உருமாறிய கற்களையும் ஓடுகளையும் இடிபாடுகளிடையே தேடிச் சேர்த்தவர். கரிந்த உணவுடன் கூடிய மாணவரின் உணவுப்பெட்டி அங்குள்ளது. மூன்று வயதுச் சிறுவனின் மூன்று சக்கர மிதிவண்டியும் உள்ளது. தந்தை அதனை அவனுடனேயே புதைத்து, 40 ஆண்டுகளுக்குப்பின் எடுத்து வழங்கினார். வங்கி ஒன்றின் வாயிற்படியில் அமர்ந்திருந்த ஒருவரின் நிழல் படிந்த கல்லும் அங்குக் காக்கப்படுகிறது.

தீக்காயங்களுடன் நடப்பனபோல் அங்கு நிறுத்தப்பட்டிருந்த மனித உருவப் பொம்மைகள் 2017இல் அகற்றப்பட்டன. கொடுமையின் கடுமை குறைந்துவிடும் எனச் சிலர் எதிர்த்தனர். அகற்றியதே முறை என்பது என் கருத்து. பொம்மை அச்சத்தைத் தரும். அவ்வச்சம் வாயிலைக் கடந்ததும் தணியும். உணவுப்பெட்டியோ, அதனை அன்று காலை கட்டிக்கொடுத்த கைகளை எண்ணச் செய்யும். அவ்வெண்ணம் எளிதில் அகலாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அக்குண்டுக்கு இரையானோருள், அன்று ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவைச் சேர்ந்தோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் எழுப்பப்பட்டது. 1999இல்தான் பூங்காவினுள் இடம்பெற்றது. பெருந்துயருற்ற நகரமும் பிறர் துயருக்கு இடமளிக்கக் காலம் தாழ்த்தியது. தன் மக்களின் சாவை மட்டும் எண்ணிக் காட்டும் நினைவிடம் பகையை வளர்க்கக்கூடும். தன் நாடு பிறர்க்கிழைத்ததையும் மறையாது சொல்லும் நினைவிடமே அமைதி என்னும் பெயருக்கு உரியது.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் படம் எடுத்துத் திரும்புவதோடு அமையலாகாது. அங்கு யாருடைய பொருள்கள் உள்ளன, யாருடையவை இல்லை என்று கேட்டறிதல் வேண்டும். அந்நிழலுக்குரியவர் வங்கி திறப்பதற்காகக் காத்திருந்த எளிய மனிதர் என்றே கருதப்படுகிறது. போரை முடிவு செய்தோர் எவரும் அப்படியில் அமர்ந்திருக்கவில்லை.