ஏவுகணையும் ஏவும் கையும்

இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் பயின்ற டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களை 'ஏவுகணை நாயகர்' எனப் போற்றி நம் மாணவர்கள் பெருமிதம் கொள்கின்றனர். அப்பெருமிதத்தில் நமக்கும் பங்குண்டு. ஆயினும், போற்றத்தக்கது கணையின் அழிவாற்றலா, அதனை ஆக்கிய அறிவா என்பதைத் தெளிதல் வேண்டும்.

1998 பிப்ரவரி 12 அன்று இந்தியாவின் சார்பில் கலாம் அவர்கள் ரஷ்யாவுடன் கையொப்பமிட்ட உடன்பாட்டின் விளைவே பிரம்மோஸ். பிரம்மபுத்திரா, மாஸ்க்வா எனும் இரு ஆறுகளின் பெயர்கள் இணைந்து இப்பெயர் அமைந்தது. தரை, கப்பல், நீர்மூழ்கி, விமானம் ஆகிய நான்கிலிருந்தும் ஏவத்தக்க வகைகள் இதில் உள. விமானத்திலிருந்து ஏவும் வகை ஏறத்தாழ 2.5 டன் எடையுடையது. ஒலியினும் ஏறத்தாழ 2.8 மடங்கு விரைந்து சென்று நிலத்திலும் கடலிலும் உள்ள இலக்குகளைத் தாக்க வல்லது. 2017 நவம்பர் 22 அன்று சுகோய்-30 விமானத்திலிருந்து வங்கக் கடலில் இது முதன்முதலாகச் சோதிக்கப்பெற்றது. 2020 சனவரி 20 அன்று, இதனைத் தாங்கும் விமானப் பிரிவு நம் மாவட்டத்திற்கு வடக்கே தஞ்சாவூரில் நிறுவப்பெற்றது.

நாட்டுக்குக் காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. படையை அரசின் உறுப்புகளுள் ஒன்றாகவே வள்ளுவரும் வைத்தார். ஆனால் 'ஏவுகணை' எனும் சொல்லையே நோக்குக. கணை தானாகச் செல்வதன்று. ஏவுவோன் ஒருவன் உண்டு. பொறுப்பு அவனுடையது.

2022 மார்ச் 9 அன்று பிரம்மோஸ் ஒன்று தவறுதலாக ஏவப்பட்டுப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே வீழ்ந்தது. இறையருளால் உயிரிழப்பு நேரவில்லை. வகுத்த நடைமுறையினின்று வழுவியதே காரணம் என விசாரணையில் தெளிவாகி, ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பெற்றனர். அணுவாயுதம் உடைய இரு நாடுகளுக்கிடையே சிறு வழுவும் எத்துணைப் பேரிடராக முடியும்!

முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படையை வழியனுப்பியபோது, பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது என அறிவுறுத்தினார்கள். வாளுக்கு விதித்த அவ்வரம்பு, கண்காணாத தொலைவிலிருந்து தாக்கும் கணைக்கு இன்னும் மிகுதியாக வேண்டும் என்பதே நம் கருத்து.

ஏவுகணை ஆய்வில் பிறந்த இலேசான பொருளைக் கொண்டே, கால் ஊனமுற்ற சிறுவர்கள் சுமந்த 3 கிலோ எடைக் கருவியை 300 கிராமாகக் குறைக்கக் கலாம் அவர்கள் வழிசெய்தார்கள். மாணவச் செல்வங்களே, அவரிடம் கற்கவேண்டியது இதுவே. கணைக்கு வழிகாட்டக் கருவிகள் உள. ஏவும் மனிதனுக்கோ, ஒவ்வொரு தொழுகையிலும் நாம் வேண்டும் நேர்வழியே துணை. அதனை எல்லாம் வல்ல அல்லாஹ் அனைவர்க்கும் அருள்வானாக!