அரை மாத்திரை

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார்.

"சார், எங்க வூட்டுக்காரருக்கு ஐப்பர்னு சொன்னாங்களா, ஐப்போன்னு சொன்னாங்களா, காதுல சரியா வுழல. சர்க்கரை ஏறிச்சா, எறங்கிச்சா?"

சீட்டின் கையெழுத்து கடவுளுக்கே வெளிச்சம். 52 என்ற எண் மட்டும் புரிந்தது. 70-க்குக் கீழே போனாலே குறைவு. "இறங்கியிருக்கிறது அம்மா" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. கணவர் விடியற்காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, கஞ்சி குடிக்காமல் கடலுக்குப் போய்த் திரும்பியவர். வேர்த்துக் கைநடுங்கி டீ கேட்டிருக்கிறார். "சர்க்கரை வியாதிக்காரராச்சேன்னு, சர்க்கரை போடாமத்தானே சார் குடுத்தேன்!"

கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேலே, மிகுதி. 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவு. ஹைப்போ ஆனவருக்கு, நினைவு இருக்கும்போதே, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஹைப்பர் ஆனவருக்கோ அதே சர்க்கரைதான் பகை. நம் இலக்கணத்தில் ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை. அந்த அரை மாத்திரை 'ர்' காதில் விழாமல் போனால், மருந்துக் கடை மாத்திரை எதுவும் உதவாது.

"உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளட்டும்" என்பார்கள் ஆங்கிலம் படித்த பெரியவர்கள். யாருடைய உச்சரிப்பை? லண்டன்காரரே அந்த 'ர்'-ஐ விழுங்கிவிடுகிறார். ஊசிக்குச் சொல்லும் 'ஹைப்போடெர்மிக்'கில் 'ஹை' என்பவர்கள், கபடத்துக்குச் சொல்லும் 'ஹிப்பாக்ரஸி'யில் 'ஹி' என்கிறார்கள். இரண்டுக்கும் முன்னொட்டு ஒன்றேதான்! உயர்வு நவிற்சியைக் குறிக்கும் 'ஹைப்பர்பொலி'யை ஒரு மேடையில் 'ஹைப்பர்போல்' என்று முழங்கிய புண்ணியவான் நான். எனக்குக் கிடைத்தது சிரிப்போடு போயிற்று.

இந்தக் கிரேக்கச் சொற்களுக்கு வடமொழியில் உடன்பிறப்புகள் உண்டு என்று மொழிநூலார் காட்டியிருக்கிறார்கள்: 'உபரி', 'உப'. பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலையாறு எண்ணூர் வரைக்கும் பெருகி வரும் என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்த அம்மாளும் 'ஏறிச்சா, எறங்கிச்சா' என்று எவ்வளவு தெளிவாகக் கேட்டார்! கேள்வியில் இருந்த தமிழ் பதிலில் இல்லாமல் போனதற்குக் காரணம் தமிழின் வறுமையா? வெள்ளைக் கோட்டு மாட்டியதும் 'இறங்கிவிட்டது' என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, அவ்வளவுதான்.

வைத்தியர்கள் தங்களுக்குள் கிரேக்கம் பேசிக்கொள்ளட்டும், ஏட்டிலும் எழுதிக்கொள்ளட்டும். நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் சீட்டில் மட்டும் 'ஏறியது' அல்லது 'இறங்கியது' என்று ஒரு சொல், புரிகிற எழுத்தில் இருக்க வேண்டும். நான் அந்த அம்மாளின் சீட்டை வாங்கி, 52-க்குப் பக்கத்தில் 'இறங்கியது, சர்க்கரை கொடுக்கவும்' என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.