ஐசியு வாசலுக்கு முன்பே கேளுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஐசியு வாசலில் ஒரு மகனிடம் படிவத்தை நீட்டி, “வென்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். அப்பாவின் விருப்பம் அவனுக்குத் தெரியாது. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “நல்லா இருக்கும்போது என்ன பேச்சு இது” என்று வாயை அடைத்துவிடுவார்கள். அக்கா ஒன்று சொல்ல, தம்பி ஒன்று சொல்ல, யார் குரல் ஓங்குகிறதோ அதுவே முடிவாகிறது. வேண்டாம் என்றவன் பழியைச் சுமக்கிறான். வேண்டும் என்றவன் கடனைச் சுமக்கிறான். படுத்திருப்பவரின் குரல் மட்டும் அங்கே இல்லை.

அந்தக் குரலுக்குச் சட்டம் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது. குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் ‘லிவிங் வில்’ ஆவணத்தை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது தளர்ந்தது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். நகலை உள்ளாட்சி அமைப்பில் ஒப்படைக்கலாம், டிஜிட்டல் மருத்துவப் பதிவிலும் சேர்க்கலாம். இதைச் செயல்படுத்த 2025 ஜனவரியில் கர்நாடக அரசு ஆணை பிறப்பித்தது.

நம்மிடம் அதைவிடப் பெரிய வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். வலி தணிப்புச் சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து பேசும் அளவுக்குப் பழகியவர்கள் அவர்கள். அவர்களுடைய கைப்பேசிச் செயலியில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கக் கேட்கிறேன்: “உங்களால பேச முடியாமப் போனா, உங்களுக்காக யார் பேசணும்மா?” பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வந்தால், பெரியவர் தன் விருப்பத்தைத் தன் குரலிலேயே பதிவு செய்து, சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்பட்டும். பேரனுக்கு வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் அனுப்பத் தெரிந்த பாட்டிகள் இன்று எத்தனையோ பேர். அந்தப் பதிவு சட்ட ஆவணம் ஆகாது. ஆனால், பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பேச அது போதும். ஆவணம் எழுத விரும்புபவருக்கு எளிய தமிழில் படிவமும், எங்கே யாரிடம் கொடுப்பது என்ற விவரமும் அதே செயலியில் கிடைக்க வேண்டும்.

அச்சங்களும் உண்டு, நியாயமானவை. சொத்துக்காகப் பெரியவரைக் கையெழுத்துப் போட வைக்கும் உறவுகள் இருக்கின்றன. அதனால் இந்தக் கேள்வியை அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் கவுன்டரில் இதைக் கேட்கவே கூடாது. தன்னார்வலர்களுக்கு ‘டார்கெட்’ வைக்கவும் கூடாது. வைத்தால் பேச்சு போய்க் கணக்குதான் மிஞ்சும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னவருக்கு வலி நிவாரணமும் பராமரிப்பும் கடைசி மூச்சு வரை கிடைக்கும் என்ற உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

ஒரு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்குங்கள். தன்னார்வலர்களுக்கு வலி தணிப்பு மருத்துவர்களைக் கொண்டு பயிற்சி கொடுங்கள். அதற்கான ஆணையை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமக்களில் ஒருவர்