வேட்டைக்கு வேண்டாம், காவலுக்கு வளர்ப்போம்!

ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் டிப்ளமா எஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "நாய் வளர்ப்பைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி?" என்று சிலர் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு ஒரு நாய்க்குட்டியைச் சாவின் வாசல் வரை கொண்டு போனவன் நான். அதுதான் என் தகுதி!

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் ஒரு கிராமத்தில் என் மைத்துனர் நிலக்கடலை பயிரிடுகிறார். கடலை காய் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றிகள், தெலுங்கர் சொல்லும் 'அடவி பந்தி', கூட்டமாக வந்து மூக்கால் உழுதுவிட்டுப் போகும். ஒரே இரவில் பல மாத உழைப்பு மண்ணாகும். வெறுத்துப் போன அவருடைய மகன் தமிழ்நாட்டிலிருந்து கோம்பைக் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். "மாமா, வெளிநாட்டில் வேட்டை நாய்க்குக் கவசம் போடுகிறார்கள். நீங்கள் பார்க்காத கான்வாஸா, ரெக்ஸினா? நம் குட்டிக்கும் ஒன்று தைத்துக் கொடுங்கள்" என்றான்.

பெருமையோடு உட்கார்ந்து தைத்தேன். இரண்டு மடிப்புக் கான்வாஸ், நடுவே ரப்பர் ஷீட். ஏப்ரல் மாத வெயிலில் அதை மாட்டி, பழக்குவதற்காக ஓட விட்டான். கால் மணி நேரத்தில் குட்டி நாக்குத் தள்ளிச் சரிந்து விழுந்தது. ஈரச் சாக்கைப் போர்த்தி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தெய்வாதீனமாகப் பிழைத்தது.

நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ரேடியேட்டரை மூடிவிட்டு எஞ்சினை ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த நானே இந்தத் தவறைச் செய்தேன். அமெரிக்காவின் டெக்சாஸிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் அணிவிப்பவை, கிழிபடாத நெருக்கமான இழைத் துணியால் ஆனவை. பன்றியின் கோரைப்பல் கீழிருந்து மேலாகக் கிழிக்கும் என்பதால் கழுத்தையும் மார்பையும் வயிற்றின் பக்கங்களையும் அவை மறைக்கும். அப்படியும் வெப்பமும் களைப்பும் அங்கேயும் நாய்களுக்கு ஆபத்துதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே பன்றி, குடியேறியவர்கள் கொண்டுபோய் விட்டுக் காட்டில் பெருகிய பிராணி. இங்கே அது சேஷாசலம் காட்டுக்கே சொந்தமான உயிர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுடுவது மட்டுமல்ல, துரத்திப் பிடிப்பதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோதும் காட்டுப்பன்றி பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. பயிருக்குச் சேதம் என்றால் வனத்துறையிடம் மனுக் கொடுக்க வேண்டும். அனுமதி தரும் அதிகாரம் அவர்களுக்கே உண்டு. பிழைக்க வந்த இடத்தில் நம் பிள்ளை ஒருவன் வழக்கில் சிக்கினால் குடும்பமே அலையும். இதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

"அப்படியானால் பயிரைப் பன்றிக்கு விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். இல்லை. நாயை வேலிக்குள் காவலுக்குப் பழக்குங்கள் என்பதே என் கருத்து.

ரயிலில் பிரேக்கின் தத்துவம் ஒன்று உண்டு. வண்டி நடுவில் அறுந்துபோனால் டிரைவர் தொடாமலே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். குட்டிக்கும் ஓட்டத்துக்கு முன்னால் பிரேக்கைக் கற்றுத் தர வேண்டும். இரண்டு மாதக் குட்டியிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு வாய் தீனி கொடுங்கள். பிறகு நீளக் கயிற்றில் கட்டி, ஆடுமாடு நடுவே நடத்தி, கூப்பிட்டதும் திரும்புகிறதா என்று பாருங்கள். வேலியைத் தாண்டாமல் நின்று குரைத்தால் பாராட்டுங்கள். அடித்துப் பழக்காதீர்கள். அடிக்குப் பயந்த நாய், கூப்பிட்டாலும் கிட்டே வராது. ஒரு வயது வரை எலும்பு முற்றாது. அதற்குள் நெடுந்தூரம் ஓட விடுவதும் உயரத்திலிருந்து குதிக்க விடுவதும் கூடாது.

கவசம் என்று ஒன்று வேண்டுமானால் அகலமான தோல் கழுத்துப்பட்டை போதும். இமயமலை இடையர்கள் சிறுத்தைக்குப் பயந்து நாய்க்கு இரும்புப் பட்டை கட்டுவதுண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய கவசம் வெறிநாய்த் தடுப்பூசி. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் தவறாமல் போட வேண்டும். 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கும் திருப்பதியில் இருந்துகொண்டு இதற்குச் சோம்பல் படலாமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அது பன்றியை மட்டுமா கொல்லும்? இருட்டில் வரும் நாயும் மாடும் மனிதனும் சாகிறார்கள். சோலார் வேலி வேறு. அதற்குரிய கருவி கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடியும் ஆளையும் மாட்டையும் அறியாது. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த தீனியைக் கடித்து, கருவுற்ற யானை ஒன்று ஆற்று நீரில் நின்றபடியே இறந்ததை யார் மறக்க முடியும்?

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காகத்தான் கல்லில் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் நம் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக நம் முன்னோர் ஒரு நாயின் பெயரை மறக்காமல் வைத்திருப்பது அது காவல் காத்ததற்காக.

நான் தைத்த கவசம் இப்போது மைத்துனர் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அன்று சரிந்து விழுந்த குட்டி வளர்ந்து, இரவில் களத்துமேட்டில் நின்று குரைக்கிறது. பன்றி அடியோடு வராமலில்லை. ஆனால் குரல் கேட்டு ஆள் எழுந்து, விளக்கோடு போய் நிற்க முடிகிறது. சேதம் குறைந்தது, நாயும் உயிரோடு இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் ஓடிவந்து என் கையை நக்குவது அதுதான். அதற்கு என் தவறு தெரியாது, எனக்குத் தெரியும். அந்தத் தவறை நம் பிள்ளைகள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதினேன்.