திரை வெளுத்துப் போச்சு! புகார் யாரிடம் சொல்வது?

மாலை ஆறு மணி. தாம்பரம் போகும் மின்சார ரயில். கால் வைக்க இடம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்போனில் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புகிறார் ஒரு குமாஸ்தா. அன்றுதான் கடைசி நாள்.

பெயர் போட்டாச்சு. மார்க் போட்டாச்சு. போட்டோவும் ஏற்றியாச்சு. "சமர்ப்பி" பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை வெளுத்துப் போனது!

பதறிப்போய் உதவி எண்ணுக்குப் போன் போட்டால் என்ன பதில் வரும்? ஊரறிந்த பதில்தான். "எங்க சைடுல எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க நெட் ஸ்லோவா இருக்கும். பிரவுசரை மூடிட்டுத் திறங்க."

இது அந்த ஒருவர் கதை அல்ல. பள்ளிக்கூடப் பீஸ் கட்டுகிறவர், கடைக்குச் சரக்கு ஆர்டர் போடுகிறவர், பஸ்சுக்கு சீட் பிடிக்கிறவர் எல்லாரும் ஒருநாள் பட்ட அவஸ்தைதான்.

பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை!

போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கும் கம்ப்யூட்டரில் நிஜமாகவே எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வினையே அங்கேதான் இருக்கிறது.

ஓட்டலில் பார்சல் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். "பார்சல் ஒன்று, கொடுத்தாச்சு" என்று கல்லாவில் கணக்கு. வீட்டில் போய்ப் பிரித்தால் சாம்பார் பை ஓட்டை! வாங்கியவர் வந்து சொன்னால் ஒழிய முதலாளிக்கு எப்படித் தெரியும்?

இணையப் பக்கமும் அப்படித்தான். கம்பெனியின் சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு, "200" என்று குறித்துக்கொள்ளும். ஒழுங்காக அனுப்பியாச்சு என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு வேலை நடப்பது வாடிக்கையாளரின் போனில். பக்கத்தோடு வந்த ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் அங்கேதான் ஓடுகிறது. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரண்டன் ஐக் என்பவர் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்து கொடுத்தார். இன்று உலகத்து வியாபாரமே அதன் தலையில்!

புரோகிராம் எழுதியவர் மேஜையில் புத்தம் புதுக் கம்ப்யூட்டர். குமாஸ்தா கையில் இருப்பதோ பழைய போன், பழைய பிரவுசர். அதற்குத் தெரியாத கட்டளை ஒன்று வந்தால் புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். பொத்தானை அமுக்கிய சேதி சர்வருக்குப் போய்ச் சேரவே சேராது.

திரை ஏன் வெளுக்கிறது? அதற்கும் காரணம் உண்டு. பல கம்பெனிகள் "ரியாக்ட்" என்ற கருவியை வைத்துப் பக்கம் கட்டுகின்றன. 2017-ல் வந்த அதன் 16-வது பதிப்பு முதல், கவனிக்காமல் விட்ட பிழை வந்தால் திரையில் உள்ளதை மொத்தமாக எடுத்துவிடும். பணம் கட்டும் இடத்தில் தப்பான தொகையைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பதே மேல் என்பது அதைச் செய்தவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் வெளுத்த திரைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு யார் பதில் சொல்வது?

பிடிக்க வழி இருக்கிறது

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புரோகிராம் தவறி விழுந்தால் தகவல் சொல்லும் "ஆன் எரர்" என்ற ஏற்பாடு 1990-களிலேயே பிரவுசரில் வந்துவிட்டது. "பிறகு தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துக் கைவிரிக்கும் வேலைகளைப் பிடிக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. கோபத்தில் பக்கத்தை மூடினாலும் கடைசி நேரத்தில் சேதியை அனுப்பிவைக்க "பீக்கன்" என்ற வசதியும் உண்டு. எந்தப் பக்கம், எந்த வரி, எந்தப் பிரவுசர், எத்தனை மணிக்கு என்று ஒரு சின்னச் சீட்டு கம்பெனிக்குப் போய்விடும். 2008-ல் தொடங்கிய "சென்ட்ரி" போன்ற கருவிகள் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன.

சீட்டு வந்தால் மட்டும் போதாது. படிக்கவும் முடிய வேண்டும். வேகத்துக்காகப் புரோகிராமைப் பிழிந்து ஒரே வரியாக்கி அனுப்புவது வழக்கம். "முதல் வரியில் பிழை" என்று சேதி வந்தால் என்ன செய்வது? இருப்பதே ஒரு வரிதானே! அசல் வரியைக் காட்டும் "சோர்ஸ் மேப்" என்ற வரைபடத்தைக் கம்பெனி கையில் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு வந்த ஒரே பிழையை ஒரே தலைப்பில் சேர்த்து எண்ணவும் வேண்டும். இல்லாவிட்டால் குவிந்த சீட்டுகளை யாரும் புரட்ட மாட்டார்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. பிழையைப் பிடிக்கும் "கேட்ச்" கட்டளையை எழுதிவிட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டுவிடுவது! திருடனைப் பிடித்த காவலாளி, யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்த கதைதான் இது.

எட்டிப் பார்க்காதே!

பிழையைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று, வாடிக்கையாளர் தட்டுவதை எல்லாம் அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்யும் சில கருவிகள், மக்கள் தட்டிய அந்தரங்க விவரங்களையும் சேர்த்து எடுத்துப் போவதை 2017-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பிழை எங்கே என்று தெரிந்தால் போதும். கார்டு நம்பரும், ஆதார் நம்பரும், பாஸ்வேர்டும் எதற்கு?

பழி யார் மேல்?

"தப்பு உங்க பக்கம்தான்" என்று சாதிப்பதன் விளைவு என்ன என்பதை இங்கிலாந்து காட்டியது. அது பிரவுசர் விவகாரம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 1999-ல் அங்கே தபால் ஆபீஸ்களுக்கு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. "கம்ப்யூட்டர் தப்பு செய்யாது" என்றார்கள் மேலிடத்தார். 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளைத் தபால் ஆபீஸ் நடத்துபவர்கள் மீது வழக்கு. சிலர் ஜெயிலுக்கே போனார்கள். அந்த ஏற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் ஐகோர்ட் சொன்னது. தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. போன மானத்தை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

செய்ய வேண்டியது மூன்று

இணையப் பக்கம் வைத்துப் பொதுமக்களிடம் பணமோ மனுவோ வாங்குகிற எவரும் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று: வாடிக்கையாளர் போனில் நடக்கும் பிழை தானாகவே தங்களுக்கு வந்து சேர ஏற்பாடு செய்ய வேண்டும். அதைத் தினமும் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

இரண்டு: வெளுத்த திரைக்குப் பதிலாக, "தவறு எங்களுடையது. உங்கள் பிழை எண் இது" என்று தமிழில் சொல்ல வேண்டும். போன் செய்து அந்த எண்ணைச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் முன்னால் முழு விவரமும் வர வேண்டும்.

மூன்று: கடைசி நாளில் பிழை விழுந்ததாகப் பதிவு இருந்தால், அந்த ஆளுக்கு மறுநாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த எண்ணே அவருக்குச் சாட்சி.

ரேஷன் கடையில் கூடப் புகார்ப் புத்தகம் உண்டு. கோடிக் கணக்கில் வியாபாரம் நடக்கும் இணையப் பக்கத்துக்கு ஒரு புகார் எண் கொடுக்க முடியாதா?

குமாஸ்தா இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. வட்டம் இன்னும் சுற்றுகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவு மூடிவிடும். நாளைக்கு மகளிடம் "நெட் ஸ்லோம்மா" என்றுதான் அவரும் சொல்லப்போகிறார். தப்பு தன் மேல்தான் என்று அவரையும் நம்ப வைத்துவிட்டார்களே!