விக்கெட்டுக்குப் பின்னால் இருபது ஆண்டுகள்

மட்டைப்பந்து அணி ஒன்றில் மட்டையாளர் அறுவர் இருக்கலாம். பந்து வீச்சாளர் ஐவர் இருக்கலாம். விக்கெட் காப்பாளர் ஒருவரே. அவ்விடத்தில் வலுவுள்ள இளைஞர் ஒருவர் அமர்ந்துவிடின், அடுத்தவர் அவர் விலகும்வரை காத்திருத்தலே வழி. அவ்வாறு காத்திருந்தோருள் நமன் ஓஜாவும் ஒருவர். அவர் பேச்சு எழும்போதெல்லாம், 'பாவம், அதிர்ஷ்டம் இல்லாதவர்' என்று விளையாட்டு அன்பர்கள் முடித்துவிடுகின்றனர். அம்முடிவு நமக்கு உடன்பாடன்று.

பழந்தமிழ் நூல்கள் உஞ்சை எனக் குறிக்கும் உஜ்ஜயினியில் 1983இல் பிறந்த ஓஜா, 2000-01 பருவத்தில், பதினேழு வயதில், மத்தியப் பிரதேச அணிக்கு ஆடத் தொடங்கினார். 2005 டிசம்பரில் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் டோனி தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். 2014 டிசம்பர் வரை தொண்ணூறு டெஸ்ட் ஆட்டங்கள். எஞ்சிய சிறு இடைவெளிகளுக்குத் தினேஷ் கார்த்திக்கும் பார்த்திவ் படேலும் காத்திருந்தனர்.

காப்பாளர் பணி எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்குத் தொண்ணூறு ஓவர் எனில் ஐந்நூற்று நாற்பது முறை குந்தி எழ வேண்டும். மட்டையாளர் ஆட்டமிழந்தால் நிழலில் அமரலாம். இவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. காலுக்கு வெளியே தாழ்ந்து வரும் பந்தைப் பாய்ந்து தடுத்தால் அது எந்த ஏட்டிலும் ஏறாது. தவறவிட்டாலோ 'பை' ஓட்டங்களாக உடனே ஏறிவிடும். பெரும்பாலும் வெறிச்சோடிய ரஞ்சி மைதானங்களில் இருபது ஆண்டுகள் இதனைச் செய்தவர் ஓஜா.

மட்டையிலும் அவர் குறைந்தவரல்லர். 2014இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய 'ஏ' அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 219, மீண்டும் ஆட்டமிழக்காமல் 101. மறுஆண்டு சாஹா காயமுற்றபோது, 32ஆம் வயதில், கொழும்பில் டெஸ்ட் அழைப்பு வந்தது. 21, 35 என ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா வென்று, இலங்கை மண்ணில் 22 ஆண்டுகளுக்குப் பின் தொடரைக் கைப்பற்றியது. சாஹா நலம்பெற்றார், ஓஜாவுக்கு மறு அழைப்பு இல்லை. சாஹாவின் தகுதியை நாம் ஐயுறவில்லை.

நம் மனக்குறை வேறு. 'ஒரே டெஸ்ட் ஆடியவர்' என்பதே ஓஜாவின் அடைமொழியாகிவிட்டது. 146 முதல்தர ஆட்டங்கள், 9,753 ஓட்டங்கள், 22 சதங்கள். 2021 பிப்ரவரியில் ஓய்வுபெற்றபோது ரஞ்சிக் கோப்பையில் 351 பேரை ஆட்டமிழக்கச் செய்து காப்பாளர்களுள் முதலிடம். இவையனைத்தும் அந்த ஒற்றை ஆட்டத்துக்கு முன்னுரை போலப் பேசப்படுகின்றன. மாநில ஆட்டம் வெறும் காத்திருப்புக் கூடம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். மாவட்ட அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடும் நம் கல்லூரி மாணவர்களிடமும், 'இந்திய அணிக்கா போய்விட்டாய்?' என்று வீட்டாரும் ஊராரும் கேட்கின்றனர். பிழைப்புக்கு வழி என்ன என அவர்கள் கேட்பின் அது நியாயமான கேள்வி. விளையாட்டு வாரியங்கள் விடை கூறட்டும். ஆடியதே வீண் என்பதை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை.

2022 ஜூனில் மத்தியப் பிரதேசம் பெங்களூரில் மும்பையை வென்று முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைப் பெற்றது. பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட். அவரும் விக்கெட் காப்பாளர், ஐந்தே டெஸ்ட் ஆடியவர், 1999 இறுதியாட்டத்தில் அதே மைதானத்தில் அதே அணிக்குத் தலைமையேற்றுத் தோற்றவர். ஓஜா ஓய்வுபெற்றுப் பதினாறு திங்கள் ஆகியிருந்தன. அவர் நின்ற இடத்தில் அன்று ஹிமான்ஷு மந்திரி நின்றார். அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக 165 ஓட்டங்கள் எடுத்தவர் அவர்.