இயற்கை என்றால் போதுமா?

ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை அமெரிக்கத் துறைமுகத்தில் செல்லாது. அங்கு மருதாணிக்குத் தலைமுடிச் சாயம் என்ற அளவில்தான் அனுமதி. ‘கைக்கு இட்டுக்கொள்ளலாம்’ என்று உறையில் ஒரு வரி இருந்தாலே சரக்கைத் தடுத்து நிறுத்தலாம். ஈயச் சேர்மம் கலந்த மரபான கண்மைக்கும் சுர்மாவுக்கும் அறவே இடமில்லை.

‘பாட்டி காலத்திலிருந்து பயன்படுத்துகிறோம், இதில் என்ன கெடுதல்?’ என்று தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு வழக்கம் ஆதாரமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒவ்வொரு பொருளுக்கும் அங்கேயே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். தகுதிபெற்ற நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை அடங்கிய கோப்பை, கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகள் அவர் வைத்திருக்க வேண்டும்.

2023-ல் வந்த திருத்தம் இன்னும் நுணுக்கமானது. ஒவ்வாமை தரக்கூடிய 80-க்கும் மேற்பட்ட நறுமணப் பொருள்களில் எது இருந்தாலும், தோலில் தங்கும் பூச்சில் அதன் அளவு 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். புதிய பொருள்களுக்கு 2026 ஜூலை 31 முதல் இது கட்டாயம். சந்தனம், ஜாதிமல்லி, கிராம்பு, எலுமிச்சைப்புல் எண்ணெய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூலிகை என்பதற்காக விலக்கு இல்லை.

அமெரிக்காவும் 2022 டிசம்பரில் சட்டத்தை இறுக்கியது. ஆலையைப் பதிவுசெய்ய வேண்டும், அங்கே ஒரு முகவர் வேண்டும், கடுமையான பாதிப்பு குறித்துத் தகவல் வந்தால் 15 வேலை நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. கண்ணில் படும் பொருள்களுக்கு அவை கிடையாது.

சிறு தயாரிப்பாளர்களுக்கு இது பெரும் சுமை என்பது உண்மை. ஒரே எண்ணெயை மூன்று மணங்களில் விற்பவர், மூன்றின் பாதுகாப்புக்கும் ஆதாரம் காட்டியாக வேண்டும். ஆனால், குழந்தையின் உடலில் சேரும் ஈயம், தயாரித்தவர் சிறியவரா பெரியவரா என்று பார்ப்பதில்லை. எனவே, விதித் தளர்வு கேட்பதில் பயனில்லை. உற்பத்தி நடக்கும் ஊர்களிலேயே குறைந்த கட்டணத்தில் பரிசோதனைக் கூடங்களை மத்திய அரசு அமைக்க வேண்டும். சிறு தயாரிப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து ஐரோப்பியப் பொறுப்பாளரை அமர்த்திக்கொள்ள மானியம் தர வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கப்பலேறும் கண்மைக்குச் செய்யும் ஈயப் பரிசோதனையை, உள்ளூர்க் கடைக்குப் போகும் கண்மைக்கும் செய்யுங்கள்.